சாதாரணப் பயனர் கவனிக்கமாட்டார்

ஆகஸ்ட் 3, காலை 7.10

மூச்சு இயந்திரங்கள் இரண்டும் ஓடுகின்றன. உள்ளே இருபத்திரண்டு பாகை. துளைப்பான் பனிக்கட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. செரால்டு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தான். எல்லாம் சரியாக இருக்கிறது.

இதைக் கண்டெடுத்துப் படிக்கப்போகிறவருக்கு ஓர் அறிமுகம். நான் பூங்கோதை. நிலவின் தென்துருவத்தில், வெயில் எட்டியே பார்க்காத ஒரு பள்ளத்தில் இருக்கிறோம், நானும் செரால்டும். அவன் துளைப்பான் ஓட்டுபவன், தூத்துக்குடிக்காரன், என் கணவர் அலோசியஸின் சித்தப்பா மகன்; அண்ணியான என்னை மைனி என்பான். பாஸ்போர்ட்டில் ஜெரால்டு. அவன் அம்மா கூப்பிடுவது செரால்டு. நான் அவன் அம்மா கட்சி. நான் சொல்லச் சொல்ல இந்தப் பதிவை எழுதும் கருவிக்கும் அப்படியே பழக்கிவிட்டேன்.

வெளியே கும்மிருட்டு. ரேடார் தடவிப் பார்த்துச் சொல்வதை வைத்து, தரை, கல், மேடு எல்லாவற்றையும் பட்டப்பகல் போல வரைந்து காட்டுவது ஒரு மென்பொருள். பெயின்டர் என்போம். உள்ளே இருக்கும் திரையிலும், வெளியே போகிறவனின் தலைக்கவசக் கண்ணாடியிலும் அது வரைவதுதான் தெரியும். பூமியோடு பேசும்போதும் அதுதான். முழுப் படத்தையும் குரலையும் அனுப்ப அலைவரிசை போதாது; கொஞ்சம்தான் போகும், மீதியை அங்கே இருக்கும் பெயின்டர் இட்டு நிரப்பும். விட்டுப்போனதை நிரப்புவது அதன் தொழில். நிரப்பியதில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். அதற்கு முன்னால் சென்னையில் வீடியோ கேம்களில் பதினோரு வருடம் பிழை பொறுக்கினேன். அங்கேயும் யாருக்கும் என்னைப் பிடிக்காது.

இன்றைய பிழை: செரால்டின் நிழல் அவன் ஷூவை விட்டு ஒரு சாண் தள்ளி விழுகிறது. அனுப்பினேன். பெயின்டரைச் செய்தவர்களிடமிருந்து வந்த நிலை: சா.க.மா. விரித்தால், ‘சாதாரணப் பயனர் கவனிக்கமாட்டார்’. பிழையே இல்லை என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. திருத்த மாட்டோம் என்பதை இப்படிச் சொல்வார்கள்.

செரால்டு சாதாரணப் பயனர்களுக்கெல்லாம் ராஜா. சாயங்காலம் அவன் திரையில் ஆடும் கால்பந்து கேமில் கோல்கீப்பரின் கை பந்துக்குள் புகுந்து மறுபக்கம் வரும். நேற்று துளைப்பானிலிருந்து அவன் பேசியபோது அதைச் சொல்லிக் கேலி செய்தேன். “கோலு விழுந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க மைனி” என்றான்.

ஆகஸ்ட் 5, மாலை 4.40

அதிர்ச்சி. நிலவும் நடுங்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். இப்படி நடுங்கும் என்று சொல்லவில்லை. ஒரு மூச்சு இயந்திரம் வெடித்து நின்றுவிட்டது. மற்றது இரண்டு பேருக்கும் சேர்த்து முக்குகிறது. வாட்டர் ஹீட்டர் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் தரையில். செரால்டுக்கு நெற்றியில் வெட்டு. தைத்தேன். அவன் பாட்டுப் பாடினான், நான் நடுங்கினேன்.

மின்சாரம் சற்றுநேரம் போய் வந்தது. உள்ளே இருபத்திரண்டு பாகை. ஜெரால்டு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தான். வெளியே கம்பம் சாய்ந்திருக்கிறது. ரேடாரும் பூமிக்கான ஆன்டெனாவும் அதில்தான் இருக்கின்றன. பூமியிலிருந்து வருவது வருகிறது; இங்கிருந்து போவது எவ்வளவு போகிறதோ தெரியவில்லை. மீட்புக் கலம் வேண்டும் என்று அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் கிளம்பினால்தான் மிச்சமுள்ள மூச்சு இயந்திரம் தாங்கும்.

செரால்டு நாளை கம்பத்தை நிமிர்த்தப் போகிறானாம். திரையில் அந்தப் பாதை பளபளவென்று இருக்கிறது. ஆனால் சாய்ந்த ரேடாருக்கு அந்தப் பக்கம் தெரிய வழியே இல்லை.

துளைப்பான் பக்கத்தில் ஒரு கல் உண்டு, ஓரம் கடித்த கடலை மிட்டாய் போல. எனக்கு நன்றாகத் தெரிந்த கல். இப்போது கம்பத்துக்குப் போகும் பாதையில் அதே கல், அதே கடி, மூன்று இடத்தில் இருக்கிறது. பெயின்டர் தெரியாத தரைக்குத் தெரிந்த தரையை வெட்டி ஒட்டியிருக்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 6, காலை 9.30

செரால்டு வெளியே போய்விட்டான். இடுப்பில் கயிறு. மறுமுனை வெளிக்கதவருகே உருளையில்; ஜன்னலில் தெரிகிறது, உள்ளிருந்தே சுற்றலாம். கடித்த மிட்டாயைப் பார்த்தால் நில், கண்ணாடியில் பெயின்டரை அணை, டார்ச் அடித்துத் தரையைப் பார் என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன்.

அவன் குரல்: “எந்த மிட்டாயி மைனி? எல்லாங் கல்லாத்தான் கெடக்கு.”

நின்று பார், எல்லாம் ஒரே கல் என்றேன்.

“டார்ச்சு அடிச்சா ஒரு எழவும் தெரியல. பெயின்டரு போட்டா ரோடு மாதிரி இருக்கு. சும்மா பயங்காட்டாதிய.”

திரும்பி வா என்றேன். கத்தினேன்.

“இந்தா, எட்டுற தூரந்தான். நிமித்திட்டு வாரேன்.”

ஆகஸ்ட் 6, காலை 10.05

திரையில் நடக்கிறான். இடது கை வீச்சு ஒரே மாதிரி. வீச்சின் கடைசியில் ஒரு சின்ன வெட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து. வீச்சு, வெட்டு, வீச்சு. ஷூவுக்கு அடியில் நிழலே இல்லை.

கயிற்று உருளை படபடவென்று சுற்றி, ஒரு உதறு உதறி நின்றது. அதைப் பெயின்டர் வரையவில்லை. அது என் கண் முன்னால் இருக்கிற இரும்பு உருளை.

உருளையைச் சுற்றிக் கயிற்றை இழுத்தேன். கனமே இல்லை. நுனி பிய்ந்து வந்தது.

ஸ்பீக்கரில் அவன் குரல்: “இந்தா, எட்டுற தூரந்தான். நிமித்திட்டு வாரேன்.”

உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டேன்.

“எல்லாங் கல்லாத்தான் கெடக்கு. வாரேன் மைனி.”

செரால்டு போய்விட்டான். அவன் சத்தம் வராத இடத்தைப் பெயின்டர் அவன் சத்தத்தாலேயே நிரப்புகிறது. திரையை அணைத்துவிட்டேன். ஸ்பீக்கருக்குத் தனி சுவிட்ச் இல்லை. தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அழக்கூட முடியவில்லை, பயம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, காலை 11.20

விபத்து, ஒருவர் மரணம், காற்று குறைகிறது, கலம் அனுப்புங்கள். இதையே திரும்பத் திரும்ப அனுப்பினேன். இன்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து பதில் வந்தது.

“வணக்கம் மேடம். நேத்து வீடியோல உங்க ரெண்டு பேரையும் பார்த்தோம். ஹெல்த்தியா இருக்கீங்க. ஜெரால்டு சார் டீ கிளாஸத் தூக்கிக் காட்டுனாரு, செம. உங்க மெசேஜ்ல சில வார்த்தை கலங்கியிருந்துச்சு, சிஸ்டம் சரி பண்ணிடுச்சு. நல்லபடியா இருங்க.”

நேற்று நான் எந்த வீடியோவிலும் பேசவில்லை. செரால்டு நேற்று உயிரோடு இல்லை.

எங்களிடமிருந்து போதிய சிக்னல் போகவில்லை. போகாததை அங்கிருக்கும் பெயின்டர், பழைய படங்களை வைத்து நிரப்பிவிட்டது. பூமியில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு டீ குடிக்கிறோம். நான் அனுப்பிய அபாயச் செய்தி அவர்களுக்கு எழுத்துப்பிழை.

பிறகு அலோசியஸின் செய்தி வந்தது.

“ஏட்டி கோதை, நேத்து உங்கிட்ட பேசுனதுல பாதி வலி போச்சு. கடவாப்பல்லப் புடுங்கிட்டேன்னு சொன்னதுக்கு என்னா சிரிப்பு சிரிக்க! செரால்டுகிட்டயும் சொல்லு.”

பல் பிடுங்கியது பெயின்டருக்குத் தெரியாது. அதனால் இது அவர்தான், உண்மையான அலோசியஸ். பதினான்கு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன். ஒரு படத்தோடு உட்கார்ந்து பேசி, வலி குறைந்து, தூங்கப் போயிருக்கிறார். நான் வாய்விட்டு அவரைத் திட்டினேன். அவருக்குக் கேட்கவா போகிறது?

ஆகஸ்ட் 9, காலை 8.15

தலை வலிக்கிறது. மிச்ச மூச்சு இயந்திரமும் திணறுகிறது; காற்றில் கரியமில வாயு கூடுகிறது. தூங்கப் பயந்து இந்தப் பதிவை முதலிலிருந்து படித்தேன்.

ஐந்தாம் தேதிக்குப் போங்கள். மின்சாரம் போய் வந்தது என்று சொன்னதற்கு அடுத்தாற்போல, ‘ஜெரால்டு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தான்’ என்று இருக்கிறது.

அதை நான் சொல்லவில்லை. அன்று டீயே கிடையாது. வாட்டர் ஹீட்டர் பிளந்ததை அதற்கு முந்தின பத்தியில் நானே சொல்லியிருக்கிறேன். அவனை நான் ஒருநாளும் ஜெரால்டு என்றதில்லை.

மின்சாரம் போன அந்தச் சிறு இடைவெளியைப் பெயின்டர் நிரப்பியிருக்கிறது. மூன்றாம் தேதியிலிருந்து வெட்டி எடுத்து, பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றி ஒட்டியிருக்கிறது. இந்தப் பதிவு மட்டும் அதன் கைக்கு எட்டாதது என்று நினைத்தேன்.

நீங்கள் கவனித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டே தாண்டிப் போனீர்கள், இல்லையா? பிழை பொறுக்கிச் சம்பாதித்தவள் நான். நானே இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, காலை 10.50

யோசித்துவிட்டேன்.

விளையாடும்போது பின்னால் நின்று ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்திருக்கிறேன். நிழல் தள்ளி விழுந்தால் கவனிக்கமாட்டார்கள். முகம் மங்கினால் கவனிக்கமாட்டார்கள். கை சுவருக்குள் போனால் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் எல்லோருக்கும் கோபம் வரும். பட்டனை அழுத்தியும் ஆட்டம் பதில் சொல்லாவிட்டால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவார்கள். பார்ப்பதில் ஏமாறுகிறவர்கள் அங்கே ஏமாற மாட்டார்கள்.

பெயின்டர் பதில் சொல்லும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். யாராவது அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க எனக்குக் காற்று இல்லை.

கம்பத்தின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் தலைக்கவசத்தின் மைக் கம்பியைச் செருகினால் என் பச்சைக் குரல் நேராகப் பூமிக்குப் போகும், பெயின்டரைத் தொடாமல். கம்பம் சாய்ந்திருந்தாலும் அந்தப் பெட்டிக்குத் தனி பேட்டரி, தனியாக ஒரு சின்ன ஆன்டெனா. செரால்டு போனதும் அங்கேதான். கண்ணாடியில் பெயின்டரை அணைத்துவிட்டு, டார்ச்சும் கட்டில் கம்பியும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் குத்திப் பார்த்துப் போவேன். அவன் விழுந்த குழி எனக்கும் வாய் திறந்து காத்திருக்கும். இடுப்புக் கயிற்றின் முடிச்சை மூன்றாம் தடவையாக அவிழ்த்துப் போடுகிறேன். நான் போக விரும்பவில்லை. போகிறேன்.

திரும்பி வந்தால் அடுத்த பதிவின் முதல் சொல் ‘செரால்டு’ என்று இருக்கும். எழுத்து மாறாமல். அப்படி இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள எதையும் நம்பாதீர்கள்.

ஸ்பீக்கரில் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். “சும்மா பயங்காட்டாதிய.” கதவைத் திறக்கப் போகிறேன். அலோசியஸ், நான் உங்களைத் திட்டியதை

ஆகஸ்ட் 13, காலை 7.10

மூச்சு இயந்திரங்கள் இரண்டும் ஓடுகின்றன. உள்ளே இருபத்திரண்டு பாகை. துளைப்பான் பனிக்கட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெரால்டு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தான். எல்லாம் சரியாக இருக்கிறது.

பூமியிலிருந்து வந்த செய்தி, அனுப்பியவர் அலோசியஸ்:

“ஏட்டி, நாலு நாளா உன்னயப் பாக்கேன். பல்லு புடுங்குனேன்னா சிரிக்க. அம்மைய ஆஸ்பத்திரில சேத்திருக்குன்னா சிரிக்க. நேத்து வேணும்னே வாய்க்கு வந்தபடி ஏசுனேன், அதுக்கும் அதே சிரிப்பு. எம் பொண்டாட்டிய ஒரு வார்த்த ஏசுனா ஒம்பது வார்த்த திருப்பி ஏசுவா. யாரு நீ? அவ எங்க? கோதை எங்கன்னு கேக்கேன், சொல்லு! பதில் சொல்லு!”

மறுமொழி அனுப்பப்பட்டது: சிரிப்பு.

அதே அனுப்புநரிடமிருந்து மேலும் பல செய்திகள். உள்ளடக்கம் ஒன்றே. மறுமொழி ஒன்றே.

பயனர் குறை பதிவு செய்யப்பட்டது. நிலை: சா.க.மா.