ஒரு குளிர்காலத்துக்கான பூட்ஸ்

பனெவேஜிஸ்
நவம்பர் 9

அன்புள்ள வைதோதாஸுக்கு,

இன்று நீ தொலைபேசியை வைத்ததும் எழுத உட்கார்ந்தேன். பேசும்போது உனக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒரு சத்தம். காற்று என்றாய். கடிதத்தில் காற்று இல்லை.

உன் அம்மா நலம். மழைக்கு இரண்டு நாள் முன்பே அத்தைக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது. நான் வானொலியை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்கிறேன். அலுவலகத்தில் வழக்கம்போல எல்லைக்கோடுகள். இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரு வாய்க்காலுக்காகச் சண்டை போடுகிறார்கள். வரைபடத்தில் நான் கோட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒருவர் அழுவார், நகர்த்தாவிட்டால் மற்றவர். மற்றபடி நவம்பர். மாலை நான்கு மணிக்கே விளக்கு.

இனி பூட்ஸ்.

நீ கேட்டதை மறக்கவில்லை. இடது காலின் இரண்டாவது விரல் வெள்ளையாகி, வெதுவெதுப்பான நீரில் நாற்பது நிமிடம் வைத்த பிறகுதான் நிறம் திரும்பியது என்றாய். இன்னொரு முறை இப்படி ஆனால் அந்த விரலை மறந்துவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அது உனக்குக் கேட்டிருக்காது.

எனக்குப் புரியாத ஒன்றே ஒன்று. விடுதியிலிருந்து மீன் ஆலைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். நீ பதினேழு கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்திருக்கிறாய், கடலோரச் சாலையில், மழையில், சைக்கிளில், போகவும் வரவும். விடுதியில் குறட்டை என்றாய். பதினேழு கிலோமீட்டர் தூரத்துக்குக் குறட்டை.

சரி. உனக்குச் சின்னச் சத்தமும் ஆகாது. தெரியும்.

அல்டோனாவின் கடைக்குப் போனேன். உனக்கு முதல் பந்தய சைக்கிளை விற்றவள் இன்னும் அதே ஸ்டூலில், அதே எண்ணெய்க் கையோடுதான் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் கிறுக்கன் இன்னும் பூட்டுப் பெடல்லதான் ஓட்டறானா? சாதாப் பெடல மாட்டிக்கிட்டு, மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுட்டுப் போற ரப்பர் பூட்ஸப் போட்டுக்கச் சொல்லு. விரலாவது மிஞ்சும்" என்றாள். காலைப் பெடலில் பூட்டிக்கொள்ளாவிட்டால் சைக்கிள் ஓட்டுவது போலவே இல்லை என்று நீ சொல்வாய் என்றேன். "ஆமாமா, எல்லாப் பந்தயக்காரனும் இதையேதான் சொல்றான். சைக்கிளோட மட்டும் நல்லா கட்டிக்கிட்டுக் கிடப்பானுங்க" என்றாள். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாற்பத்து மூன்றாம் எண் என்று நீ சொன்னது போதாதாம். இங்கே எல்லோரும் செய்கிற தவறு அதுதான் என்கிறாள். வழக்கமான எண்ணிலேயே குளிர்கால பூட்ஸையும் வாங்கி, அதற்குள் அம்மா பின்னிய கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடியைத் திணித்துக்கொள்கிறார்கள். கால் இறுகி, விரலுக்கு ரத்தம் போவதில்லை. அதிகம் போர்த்திய கால்தான் முதலில் மரத்துப்போகிறது. (அத்தை இரண்டாவது ஜோடியின் குதிகால்வரை வந்துவிட்டார். நூலை நான்தான் சுற்றிக் கொடுக்கிறேன்.)

ஆகவே நீ செய்ய வேண்டியது: வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் நேரத்தில், வெறுங்காலோடு, முழு எடையும் இறங்க ஒரு தாள்மேல் நில். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரை. இரண்டு காலும். வேறு யாராவது வரைந்தால் நல்லதாம். நீ தனியாக இருப்பதால் நீயேதான் குனிய வேண்டும். குனிந்தால் எடை சாயும், பென்சில் உள்ளே சரியும், கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, அதற்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்வதாக அல்டோனா சொன்னாள்.

ஒப்பந்தம் டிசம்பர் இருபதோடு முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கூச்சியோஸ் விருந்துக்கு வந்துவிடுவேன், பிறகு நார்வே பக்கமே போக மாட்டேன் என்று கோடையில் சொன்னாய். அப்படியானால் இந்த பூட்ஸ் சில வாரங்களுக்குத்தான். சும்மா எழுதுகிறேன். சில வாரங்களுக்கும் விரல் வேண்டும்.

தாளை அனுப்பு. மழை விட்டிருக்கும் நாட்களிலாவது மெதுவாகப் போ.

உன்
நெரிங்கா


பனெவேஜிஸ்
நவம்பர் 24

வைதோதாஸ்,

வியாழக்கிழமை உறை வந்தது. இரண்டு தாள்கள், நான்காக மடித்தவை. கடிதம் இல்லை. நேரம் இருந்திருக்காது.

சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்தேன். அத்தை தன் கையை விரித்து அதன்மேல் வைத்து அளந்தார். "காலு சதை போட்டிருக்கே. நல்லா சாப்பிடறான். போதும்" என்றார். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். தாளை எடுக்கவிடவில்லை. இரவு உணவின்போது உன் இரண்டு பாதங்களும் ரொட்டிக்கும் உப்புக்கும் நடுவே இருந்தன.

நேற்று கடைக்கு எடுத்துப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அல்டோனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை ஜன்னல் பக்கம் பிடித்தாள். "அடேயப்பா, எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்காங்க! பென்சில் ஊசியாட்டம் நேரா நின்னிருக்கு. இவங்கள என் கடைக்கே வேலைக்கு வெச்சுக்கலாம் போலிருக்கே" என்றாள். அவனேதான் வரைந்தான், அங்கே தனியாக இருக்கிறான் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விளையாடாதடி. தன் காலத் தானே வரைஞ்சா குதிகால்கிட்ட கோடு குடிகாரன் மாதிரி போகும். முப்பது வருசமா இதத்தான பாத்துட்டிருக்கேன். இது யாரோ முட்டி போட்டு உக்காந்து வரைஞ்சது." பிறகு உள்ளங்கால் வளைவில் விரலை வைத்தாள். "இங்க பாரு, கோடு துள்ளியிருக்கு. கூசியிருக்கு அவனுக்கு. தன் கை தனக்குக் கூசுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

பெட்டிகளை எடுத்து வருவதாக உள்ளே போனாள். மூன்று பெட்டிகளை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

கோடு என் தொழில். ஒரு வேலிக்கோட்டைப் பார்த்தே, எந்த ஆண்டு, யார் வரைந்தது, அன்றைக்கு அவருக்குக் கை நடுங்கியதா என்று சொல்வேன். இதை இரண்டு நாள் மேசையில் வைத்துச் சாப்பிட்டேன். பார்க்கவில்லை.

உனக்கு எந்த இடத்தில் கூசும் என்று எனக்குத் தெரியும். சரியாக அந்த இடம்தான். வலது காலில் ஒரு துள்ளல். இடது காலிலும் ஒன்று. முதல் கால் முடிந்ததும் வரைந்தவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். இரண்டாவது காலில் விலகிப் போயிருக்கலாம்.

விலகிப் போகவில்லை.

ஆலை நண்பன் யாராவது இருக்கலாம். பக்கத்து அறைக் கிழவராக இருக்கலாம். எழுதிப் பார்க்கிறேன். எழுத முடிகிறது.

அல்டோனா திரும்பி வந்தபோது வழக்கத்தைவிட அதிகம் பேசினாள். அவளுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நானும் கேட்டேன், ஒவ்வொரு சொல்லாக. கேட்டுக்கொண்டிருக்க ஒன்று கிடைத்ததே என்று இருந்தது.

முதல் ஜோடி உயரமானது, ஒரு சொட்டு நீர் புகாதாம். ஆனால் கழுத்து அகலம். மழை காலோடு வழிந்து மேலிருந்து இறங்கிவிடும். "தண்ணி உள்ள வராதுன்னா வெளியவும் போகாது, புரியுதா கண்ணு? அது பூட்ஸ் இல்ல, வாளி." இரண்டாவது மெலிசு. காய்ந்த குளிருக்கு, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு. பெடல் தகட்டை முடுக்கும் போல்ட் வழியாகவே குளிர் ஏறிவிடும் என்றாள். இரும்பு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அவளுக்கே ஒரு ஜனவரியில் கால் கட்டைவிரல் நகம் கழன்றதாம். மூன்றாவதன் கழுத்து மென்மையான ரப்பர், கணுக்காலைக் கவ்விக்கொள்கிறது. அடியில் தடித்த கம்பளி அட்டை. கட்டக் கயிறு இல்லை, இறுக்க ஒரு திருகு. கையுறையோடு திருகலாம்.

உள்ளே என் கையை விட்டு விரல்களை அசைத்துப் பார்த்தேன். இடம் இருந்தது. சூடாக இருந்தது.

உன் எண்ணைவிட ஒன்றரை எண் பெரியதாக, மூன்றாவதையே எடுத்தேன். போல்ட் துளைகளை உள்ளிருந்து தடித்த நாடாவால் ஒட்டிக் கொடுத்தாள்.

ஒரே ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் வருவது போல எதுவும் இல்லையா என்று கேட்டேன். "அப்படி யாரும் செய்யறதில்ல கண்ணு. இது அஞ்சு குளிர்காலம் உழைக்கும்" என்றாள். நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னாள்.

பெட்டி இப்போது முன்னறையில் இருக்கிறது. இது உன்னிடம் வந்தால் நீ அங்கேயே இருந்துவிட முடியும். வராவிட்டால் விரல் போகும். நேற்றிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். முன்னறை ஆறு அடிதான்.

முகவரி வேண்டும். தபால் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் அங்கே பொட்டலத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள். உன் அறையிருக்கும் வீட்டின் தபால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? அதில் இருப்பது போலவே எழுதி அனுப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தால், எல்லாவற்றையும்.

நெரிங்கா


பனெவேஜிஸ்
டிசம்பர் 8

வைதோதாஸ்,

உன் குறுஞ்செய்தி வந்தது. "ஆலை முகவரிக்கு அனுப்பினால் போதும்." நான்கு சொற்கள். பல முறை படித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு ஞாயிறுகளாக நீ கூப்பிடவில்லை. நானும்தான்.

இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். முதலில் பூட்ஸ் பற்றி.

கால்சட்டையை பூட்ஸுக்குள் திணிக்காதே. நீ எப்போதும் திணிப்பாய், சங்கிலியில் சிக்கும் என்று. தண்ணீர் இறங்கும் வழி அதுதான். விளிம்பு வெளியே, பூட்ஸ் கழுத்தை மூடியபடி இருக்க வேண்டும்.

ஒரு ஜோடி சாக்ஸ் மட்டும். அத்தை பின்னிய இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்றை வீட்டில் போட்டுக்கொள். வீடு என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

பாதி வழியில், அவசியம் இல்லை என்று தோன்றினாலும் நின்று, திருகை இரண்டு சொடுக்கு தளர்த்து. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நூறு அடி நட. விரல் குத்தத் தொடங்கினால் நல்லது. குத்தாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நனைந்தால் அடுப்பருகே வைக்காதே. கம்பளி அட்டையை வெளியே எடுத்துவிட்டுச் செய்தித்தாள் அடை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்று. வேறு யாராவது செய்தாலும் சரி, இதைச் சொல்லிக் கொடு.

இனி வீட்டுச் செய்தி. கூச்சியோஸ் மேசைக்கு எத்தனை தட்டு என்று அத்தை கேட்டார். ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள், உன்னால் வர முடியாது என்றேன். நீ இன்னும் சொல்லாததை உனக்காக நான் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டால் அப்படியே சொல்.

அத்தை கசகசாவை அரைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெளியூர்ல இருக்கறவனுக்கும் தட்டு உண்டு. செத்தவங்க தட்டுலதான் மெழுகுவத்தி. பழக்கதோஷத்துல அவனுக்கும் ஏத்தி வெச்சுடாத, கையத் தட்டிவிடுவேன்" என்றார். ஏற்ற மாட்டேன் என்றேன். இன்னும் கொஞ்சம் அரைத்தார். "நீ எதையோ மறைக்கற. நானும் கேக்கல. நான் கேக்கலன்னு நீயும் எங்கிட்ட கேக்காத" என்றார். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். மீதியை நான் அரைத்தேன்.

கூச்சியோஸ் வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தங்களையும் செய்யப்போகிறோம். இருவருக்கு அது அதிகம். குறைக்கலாமா என்று கேட்டதற்குத்தான் அவருக்கு உண்மையில் கோபம் வந்தது.

வாய்க்கால் வழக்கு முடிந்தது. நான் கோட்டை நகர்த்தவில்லை. தோற்றவர் அலுவலகத்துக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கே நான்கு பிர்ச் மரங்கள் நட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். வரைபடத்தில் மரங்கள் வராது.

உன்னிடம் கேட்பதற்கு நிறைய எழுதி வைத்திருந்தேன். தாளில் பார்த்தபோது எல்லாம் ஒரே கேள்வியாக இருந்தது. அதையும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. பூட்ஸின் அடியில் மண் படாமல் இருந்தால் ஜனவரி ஆறாம் தேதிவரை அல்டோனா திருப்பி எடுத்துக்கொள்வாளாம். தபாலில் அனுப்பினால் ஆகாது, நேரில் கொண்டுவர வேண்டும். அவளாகவேதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. ரசீதை வலது பூட்ஸுக்குள் வைத்திருக்கிறேன்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். உன் பக்கத்து வானிலையைப் பார்த்தேன். வாரம் முழுவதும் மழையும் பனியும் கலந்து, காற்று மேற்கிலிருந்து. போகும்போது எதிர்க்காற்று.

ரசீதை வெளியே எடுத்துவிட்டேன்.

பெட்டி கைக்கு வந்த அன்றே போட்டுக்கொள். ஆலை வாசலிலேயே, முதல் சேற்றிலேயே இறங்கு. பத்து விரலும் உன்னோடு இருக்கட்டும்.

நெரிங்கா