பதில் இல்லை என்று எழுதினேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. சொத்துச் சட்டம் நியாயமாக இருக்கிறதா என்று ஆராயச் சட்டமன்றக் குழு போட்டிருக்கும் செய்தியை அங்கே படித்தாயாம். இனிமேல் கவலையை விடு அக்கா, நியாயம் பிறக்கப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். செய்தி சரிதான். அந்தக் குழுவுக்குச் சுருக்கெழுத்தர் நான்தான். நியாயம் பிறந்தால் முதலில் என் குறிப்பேட்டில்தான் விழும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா நம் இருவர் பெயருக்கும் சேர்த்து எழுதிவைத்த வீட்டில் உன் பாதியைக் கட்டடக்காரருக்கு விற்றாய். அவர் பாகம் பிரித்துத் தரச்சொல்லி வழக்குப் போட்டார். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் வந்து சுற்றிப்பார்த்தார். படிக்கட்டு ஒன்று, குழாய் ஒன்று, சமையலறை ஒன்று. இதைப் பிரிக்க முடியாது என்று எழுதிக்கொடுத்தார். பிரிக்க முடியாததை மொத்தமாக ஏலம் விடுவதுதான் சட்டமாம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஏலம். என் பாதியைத்தானே விற்றேன், உன் பாதியைத் தொடவே இல்லையே என்று தொலைபேசியில் சொன்னாய். உண்மைதான். படிக்கட்டில் உன் பாதி எது என்றும் சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்காமல் ஏறியிருப்பேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அளவெடுக்க வந்தவர்களை வர்ணம் அடிக்க வந்தவர்கள் என்று சொல்லிவைத்தேன். அம்மா அவர்களைக் கூப்பிட்டு, முன்னறைக்கு வெளிர்நீலம்தான், போன தடவை மாதிரி ஏமாத்தினீங்கன்னா நான் சும்மா விடமாட்டேன் என்று மிரட்டினார். டேப் பிடித்திருந்தவர், சரிங்கம்மா, நீலமே அடிச்சுடலாம் என்று தாளில் குறித்துக்கொண்டார். இந்த வழக்கில் அம்மா சொன்னதை எழுதிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

இனி குழு. முதல் கூட்டம் செவ்வாயன்று நடந்தது. எப்படி ஆராய்வது என்பதை அன்று முழுவதும் ஆராய்ந்தார்கள். அறிக்கைக்குப் பதினான்கு மாதம் கெடு. ஆய்வுப் பொருள்களின் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். முதலாவது பொருள் எது தெரியுமா? கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்பதற்குமுன் மற்றவரிடம் கேட்க வேண்டுமா என்பது. தட்டச்சு செய்யும்போது பிழை ஒன்றுகூட விழவில்லை.

அதைப் படித்துவிட்டுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இப்படிப் பாதிக்கப்பட்டவங்க யாரையாவது இங்க யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். உறுப்பினர்கள் பதினோரு பேரும் தாளைப் பார்த்தார்கள். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. குறிப்பெடுப்பவரின் குரல் குறிப்பில் ஏறக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நான் யோசிப்பதற்குள் கை எழுதிவிட்டது: பதில் இல்லை.

அப்ப இது பரவலான பிரச்சினை இல்ல போலிருக்கே என்றார் தலைவர். முதலாவது பொருள் ஏழாவது இடத்துக்குப் போனது. இந்த மாதக் கடைசிக்குள் பொதுமக்களிடமிருந்து ஒரு மனுவாவது வராவிட்டால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். அதையும் எழுதிக்கொண்டேன், தெளிவான கையெழுத்தில்.

வீட்டு வழக்கில் எனக்காக வாதாடும் வக்கீல் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பொருள் பட்டியலில் நின்றால் தாளைக் காட்டி ஏலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்கலாமாம். அதுவும் போய்விட்டால் கேட்க வாயே இல்லையாம். அப்படியானால் நான் மனு கொடுக்கிறேன் என்று செயலாளரிடம் போனேன். நீங்க ஊழியர்மா, குழுவுக்கு மனு குடுக்கக் கூடாது, விதியை உங்களுக்கு நான் சொல்லணுமா என்றார். சொல்ல வேண்டியதில்லை. அந்த விதியையும் தட்டச்சு செய்தது நான்தான்.

நீ ஊழியர் இல்லை. பங்கை விற்றவர்களும் எழுதலாம் என்று அறிவிப்பில் இருக்கிறது. ஒரு பக்கம் போதும். சட்டம் எதுவும் வேண்டாம். அக்காவிடம் கேட்டாயா, கேட்கவில்லையா, ஏன் கேட்கவில்லை. என்னிடம் இதுவரை சொல்லாததைக் குழுவிடம் சொல்வது உனக்கு எளிதாகக்கூட இருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள்தானே.

மனு வந்தால் படித்துப் பதிவில் சேர்ப்பது என் வேலை. ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். இதில் நீ என்னை நம்பலாம்.

அம்மா உன்னைக் கேட்டார். நீலம் அடித்து முடித்ததும் நீ வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது என்னிடம் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்றையாவது நீ வந்து வாங்கிக்கொள்ளலாம்.

மனைவி மக்களோடு உன் வீட்டில் நன்றாக இரு. அந்த வீட்டின் படிக்கட்டு முழுவதும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு: மனுவைக் குழுவின் முகவரிக்கு அனுப்பு. எனக்குத் தனியாக எழுத ஏதாவது இருந்தால் வீட்டு முகவரிக்கே எழுது. பதினெட்டாம் தேதிவரை நாங்கள் அங்கேதான் இருப்போம்.