பருப்பு வெந்த வீடு

ஆம்பூர்,
20-4-1953.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, பூரணி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் சுந்தரியும் சௌக்கியம். சித்திரை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை. கான்பூரில் இதைவிட ஜாஸ்தி என்கிறார்கள். மோர் கிடைக்கிறதா? சுந்தரிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பொட்டலம் கட்டி அப்பாவுக்கு அனுப்பச் சொல்லி அழுதாள். நான் அனுப்பவில்லை.

நீங்கள் உங்கள் அண்ணனுக்கு எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் அவர் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார், நான் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டேன். தோல் ஷாப்பில் உங்களை மேஸ்திரி ஆக்கியதில் எனக்கு மிகவும் சந்தோஷம். கடைசியில் ஒரு விஷயம் வந்தது. எனக்கு லீவு கிடைக்காது, வாங்குகிற வீட்டை அண்ணன் பெயரிலேயே பதிந்துவிடுங்கள், எல்லாம் ஒன்றுதானே என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் கீழே, பூரணியையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று ஒரு வரி. ஏழு வருஷமாக என் பங்குக்கு வருவது அந்த ஒரு வரிதான்.

எல்லாம் ஒன்று இல்லை. நீங்கள் எனக்கென்று ரயிலில் அனுப்பிய தையல் மெஷின் இப்போது யார் அறையில் இருக்கிறது தெரியுமா? அமிர்தவள்ளி அக்கா அறையில். நான் தைக்க வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். உங்கள் அண்ணனும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை. கைக்கு வந்தது தங்களுடையது என்று நினைக்கிறவர்கள், அவ்வளவுதான். மெஷின் போனால் போகட்டும். வீடு போகக் கூடாது.

பத்திரம் எழுதும் கனகராஜைப் போய்க் கேட்டேன். வாங்குகிறவர் ஊரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லையாம், விற்கிறவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். ஆகவே லீவு கிடைக்கவில்லை என்பது ஒரு காரணமே இல்லை.

இனி வீட்டைப் பற்றி. அண்ணன் முதலில் பேசி வைத்தது இங்கே தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பின்புறத்து வீடு. கார்த்திகையில் போய்ப் பார்த்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு என்றார். மழை பெய்தால் ஆம்பூரில் எந்தக் கிணறும் கல்கண்டுதான். கோடையில் பார்க்காமல் வீடு வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். போன வாரம் அந்தக் கிணற்றில் ஒரு குடம் இறைத்து வந்து துவரம்பருப்பை வேகவைத்தேன். ஒரு கட்டு விறகு எரிந்தது. பருப்பு போட்டபடியே கிடந்தது, அவ்வளவு உப்பு. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நெல் மூட்டையை நகர்த்தச் சொன்னேன், பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து கிடந்தது.

இன்னொன்றும் செய்தேன், நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே வாழ்க்கைப்பட்ட ஒன்பது வருஷத்தில் என் மூக்கு செத்துவிட்டது. தோல் நாற்றம் எனக்குத் தெரியாது, அண்ணனுக்குச் சுத்தமாகத் தெரியாது. சோளிங்கரிலிருந்து என் தங்கை சந்திரா வந்திருந்தாள், அவளைக் கூட்டிப்போனேன். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அத்துடன் அந்த வீடு முடிந்தது.

இரண்டாவது, மசூதித் தெருவில் காலமான அப்துல் வஹாப் சாயபுவின் வீடு. மகன் ஜியாவுதீன் சென்னைப் பெரியமேட்டில் வியாபாரத்துக்குப் போகிறார், அதனால் விற்கிறார். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் முருங்கை. அந்தத் தண்ணீரில் பருப்பு மலர வெந்தது. சந்திரா முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டாள். எனக்கு அந்த வீடு வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அஃப்ஸர் ஜஹான் சொல்லித்தான் தெரிந்தது. ஜியாவுதீனுக்கு ஓர் அக்காள் உண்டு, பேரணாம்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவர்கள் சட்டத்தில் அப்பா சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டாம். அண்ணனிடம் சொன்னேன். பொம்பளை கையெழுத்து எதற்கு என்றார். நம் வீட்டுக் கணக்கை அவர்கள் வீட்டுக்குப் போடுகிறார். நாளைக்கு அந்த அம்மாளின் பிள்ளைகள் வந்து நின்றால் யார் பதில் சொல்வது? நானே போய்க் கேட்கப் போகிறேன்.

பணத்தை என் பெயருக்கு அனுப்புங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பூரணி.


ஆம்பூர்,
7-5-1953.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, பூரணி எழுதுவது. சுந்தரி சுகம், நானும் சுகம்.

மூன்று மணியார்டரும் வந்து சேர்ந்தன. தபால்காரர் வாசலில் நின்று, பூரணி யாரு என்று கேட்டார். ஏழு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறவர். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் பேச்சைக் கேட்டு அனுப்பினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செய்தி எழுதுகிற துண்டு மூன்றிலும் வெறுமையாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அஃப்ஸர் ஜஹானையும் சுந்தரியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பேரணாம்பட்டு போனேன். ஜியாவுதீனின் அக்காள் ஜஹீருன்னிசா அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீடு, எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சர்பத் கொடுத்தார். வீடு விற்கிற சேதியே அவருக்குத் தெரியாது. எனக்கு என் அப்பா வீடு நினைவுக்கு வந்தது. குடியாத்தத்தில் என் அண்ணன்மார் அதை விற்றது எனக்கு ஒரு மாதம் கழித்து வளையல்காரி சொல்லித் தெரிந்தது. அப்போது நான் உங்களிடம்கூட அழவில்லை.

அந்த அம்மாள் உருது படிப்பார், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் கனகராஜ் எழுதிக் கொடுத்த நகலை நான் படித்துக் காட்டினேன். வாங்குபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைச் சொல்ல வாய் வராமல் எங்க வீட்டுக்காரர் என்று சொல்லித் தாண்டினேன். அந்த அம்மாள் நிறுத்தச் சொன்னார்.

“கெணறு பாத்தது நீ, செவுரு பாத்தது நீ, இந்த வெயில்ல இங்க வந்தது நீ. இதுல உன் பேரு எங்க?”

எங்களில் பெண்கள் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லை என்றேன். அவர் சிரித்தார்.

“எனக்குப் பங்கு இருக்குது, கேக்க ஆளு இல்ல. நீ கேக்க வந்துட்ட, உனக்குப் பங்கு இல்ல. நல்லா இருக்குது நம்ம ரெண்டு பேரு கதையும்.”

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். தம்பி நேரில் வந்து கேட்க வேண்டும், பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தன் கையில் கொடுக்க வேண்டும். நியாயம்தானே?

இதை ஜியாவுதீனிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது, நீங்கள் ரொம்பப் பேஜார் பண்ணுகிறீர்கள், வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அண்ணனுக்கு அதைவிடக் கோபம். கைக்கு வந்த வீட்டைக் கெடுத்துவிட்டாள் என்று கூடத்தில் நின்று சொன்னார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

வீடு போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த முருங்கையைக்கூட நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அக்காள் கையெழுத்து இல்லாமல் அங்கே ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். வீடு கிடைத்தால் பத்திரத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கும். வேண்டாம் என்றால் உடனே எழுதுங்கள். வேண்டும் என்றாலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பூரணி.


ஆம்பூர், மசூதித் தெரு,
29-5-1953.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, பூரணி எழுதுவது.

மேலே விலாசத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். நேற்று பால் காய்ச்சினோம்.

நீங்கள் வேண்டாம் என்றும் எழுதவில்லை, வேண்டும் என்றும் எழுதவில்லை. பதினைந்து நாள் பார்த்தேன். பிறகு உங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பத்திரத்தில் என் பெயரையும் எழுதச் சொன்னேன். வருத்தம் இருந்தால் நேரில் சண்டை போடலாம்.

ஜியாவுதீன் இன்னும் இரண்டு பேருக்கு வீட்டைக் காட்டினார். இரண்டு பேரும் அக்காள் கையெழுத்து உண்டா என்று கேட்டார்களாம். ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, அஃப்ஸர் ஜஹான் இருக்கும்போது தெரியாமல் இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் பேரணாம்பட்டு போனார். பங்குக்கும் சம்மதித்து, திரும்பும்போது அக்காளைக் கூடவே அழைத்து வந்தார். பதினோரு வருஷம் கழித்து அந்த அம்மாள் பிறந்த வீட்டு வாசற்படி ஏறினார்.

பத்திரத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நான் நேரே அண்ணனிடம் போய், நீங்கள் போடாமல் இந்தக் குடும்பத்துக்கு வேறு யார் போடுவார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் வெற்றிலையை மென்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஏழு வருஷமாக நீங்கள் பயந்தது இவருக்குத்தான்.

அந்த அம்மாள் கோஷா என்பதால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்தார். அந்த அம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி, உருதுவில் கையெழுத்துப் போட்டு, பெருவிரலையும் வைத்தார். மை துடைக்கத் துணி கொடுத்தேன், என் விரலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு விட்டார். அதற்குப் பிறகு அதிகாரி என்னிடம் திரும்பி, உன் புருஷன் பெயர் என்ன என்றார். கனகராஜ் எனக்காகச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, பரந்தாமன் என்று சொன்னேன். அண்ணன் காதிலும் விழுந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை. இனி கடிதத்திலும் எழுதுவேன்.

ஜியாவுதீன் சாவியைக் கொடுத்துவிட்டு முருங்கையை வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்று காலை வைத்த முதல் சாம்பார் அந்த முருங்கைக்காயில்தான். தையல் மெஷினும் வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அமிர்தவள்ளி அக்காவே வண்டியில் ஏற்றி அனுப்பினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின் அறையில் ஓர் ஓடு உடைந்திருக்கிறது, மழைக்கு முன் மாற்ற வேண்டும். உங்கள் கட்டிலை அங்கே போடவில்லை, முன் அறையில் போட்டிருக்கிறேன்.

சுந்தரி உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது. புதுப்பல் பாதி முளைத்துவிட்டது.

இந்தக் கடிதத்துக்கு அண்ணன் வழியாகப் பதில் வேண்டாம். அண்ணனுக்குத் தனியாக எழுதுங்கள், மரியாதையாக எழுதுங்கள், பூரணி வீட்டை வாங்கியது என் சம்மதத்தோடுதான் என்று எழுதுங்கள். எனக்கு எழுதும் கடிதத்தில் உறையின் மேல் என் பெயரை எழுதுங்கள். உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் வெறும் தாளை மடித்து வைத்தாலும் போதும். தபால்காரர் இந்த வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், நான் போய் வாங்க வேண்டும்.

எழுதச் சோம்பலாக இருந்தால், பரந்தாமன், நீங்களே வந்து கூப்பிடுங்கள். கதவைத் திறக்க நான் இருக்கிறேன்.

என்றும் உங்கள்,
பூரணி.