புகையில்லாத பொங்கல்

12-12-1977, திங்கள்

ஜெகதாம்பாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தேன். போன மாதப் புயல் மழையில் ஊறிய சுவர் இன்னும் காயவில்லை. அந்த ஈரம் அவளுடைய இழுப்பைக் கிளப்பிவிட்டது. இரவெல்லாம் தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஊசி போட்டார். அவள் வெளியே போன பிறகு என்னை நிறுத்திச் சொன்னார்: “பண்டிகை வந்தாலே இழுப்புக்காரங்க வரிசையா வந்து படுத்துடறாங்க. சுண்ணாம்பு, புகை, அலைச்சல். பொங்கலுக்கு இந்த மூணையும் கொறைச்சுப் பாருங்க. இது போற வியாதி இல்ல சார். கூடவே வச்சுக்கிட்டுதான் வாழணும்.”

போன பொங்கலன்று மாலை அவளை இதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். உதடு நீலம் பூத்திருந்தது. என் மனத்தைவிட்டு அது போகவே இல்லை.

20-12-1977, செவ்வாய்

அரியலூர் ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தாவாக இருந்த காலத்தில், நாளை வரும் வேகனுக்கு இன்றே இடம் ஒழித்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. பொங்கலையும் அப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறேன். இந்த வருஷம் வெள்ளையடிப்பு கிடையாது. சுவரைத் துணியால் துடைத்தால் போதும். போகிக்கு எதையும் கொளுத்தப் போவதில்லை. விறகு வேண்டாம், மண்ணெண்ணெய் ஸ்டவ்விலேயே பொங்கல்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “அப்படியே எனக்குப் பதிலா மூச்சையும் நீங்களே விட்டுருங்க” என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

மிச்சம் இருப்பது அலைச்சல். அதைத்தான் எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. வருஷா வருஷம் போகியன்று குன்னத்திலிருந்து அவள் தம்பி அமிர்தலிங்கம் பொங்கல் சீர் கொண்டு வருவான். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, அவளுக்கு ஒரு புடவை. கூடவே அவன் மனைவி சாந்தாவும் பிள்ளைகளும். மூன்று நாள் வீடு இரைச்சலாக இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைகளைக் கண்டால் இவளுக்கு உட்காரவே தோன்றாது. போன வருஷம் அவர்கள் வந்த மறுநாள்தானே படுத்தாள்?

அவளைக் கேட்டால் சம்மதிக்க மாட்டாள். அமிர்தலிங்கத்திடம் மட்டும் சொல்லிவிட்டால்? இது சரியா? தெரியவில்லை.

29-12-1977, வியாழன்

பெரம்பலூரில் ஒரு வேலை என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டுக் குன்னம் போனேன். என்ன சொல்ல வேண்டுமென்று பஸ்ஸில் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். அமிர்தலிங்கம் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தான். மடி நிறையப் பஞ்சோடு ஓடி வந்தவனைப் பார்த்ததும் வரிசை கலைந்துவிட்டது. கடைசியில் சொல்ல வேண்டியது முதலில் வந்துவிட்டது.

“இந்தப் பொங்கலுக்கு நீங்க யாரும் வர வேணாம் அமிர்தலிங்கம். சீரும் வேணாம்.”

அவன் மடிப் பஞ்சைக் கீழே கொட்டினான். “அக்கா சொல்லுச்சா?”

இல்லை என்றிருக்க வேண்டும். டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

“சரிங்க மாமா. அக்காவே சொல்லிருச்சுன்னா அப்பறம் என்ன.”

சாப்பிட்டுப் போங்கள் என்று அவன் சொல்லவில்லை. சாந்தா கொடுத்த மோரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் கிளம்பிய பிறகு, இறங்கித் திரும்பிப் போனால் என்ன என்று நினைத்தேன். அரியலூர் வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

3-1-1978, செவ்வாய்

இன்று இழுப்பு இல்லை. “மஞ்சக் கொத்து வாங்கிராதீங்க, தம்பி கொண்டாருவான்” என்றாள். சரி என்றேன்.

13-1-1978, வெள்ளி. போகி

தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. ஜன்னல்களைச் சாத்தி ஈரத்துணி தொங்கவிட்டேன். அவளோ காலையிலேயே நாற்காலியை வாசல் நடையில் போட்டுக்கொண்டாள். குன்னம் பஸ் வரும் நேரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் கோலமாவுக் கையோடு வந்து நின்றாள். “என்ன ஜெகதா, பொறந்த வூட்டுல இருந்து இன்னும் ஆளக் காணோம்? கரும்பு வெட்டப் போன எடத்துல ஒந்தம்பி அப்படியே திங்க ஒக்காந்துட்டானா?”

“பருத்தி எடுக்குற நேரம்க்கா. சாயங்காலம் வந்துருவான்.”

சாயங்காலமும் ஆயிற்று. உள்ளே வா, புகை என்றேன். “இருங்க, இன்னும் ஒரு பஸ்ஸு இருக்குல்ல” என்றாள்.

14-1-1978, சனி. பொங்கல்

காலையில் கடைத்தெருவுக்குப் போய் நானே மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்கி வந்தேன். வீட்டில் இருந்த பித்தளைப் பானையை ஸ்டவ்வில் வைத்தோம். பொங்கியது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று நான் மட்டும் சொன்னேன். வெற்று அறையில் அது அசட்டுத்தனமாகக் கேட்டது.

அவளுக்கு மூச்சு முட்டவில்லை. நினைத்தபடியே எல்லாம் நடந்தது. அவள்தான் சாப்பிடவில்லை.

16-1-1978, திங்கள்

“நான் அவனை என்னங்க சொன்னேன்? போன தடவ சின்னவன் சட்டிய ஒடைச்சப்ப ஒரு வார்த்த ஏசினேன். அதையா மனசுல வச்சுருப்பான்?”

பிறகு, பாதி தனக்குத்தானே: “அம்மா அப்பா போன பெறவும் ஒரு வருஷம் விட்டவன் இல்ல. சீரு நின்னுபோச்சுன்னா பொறந்த வூடே இல்லன்னுதான அர்த்தம்.”

நான் பேப்பரை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். என்ன மனுஷன் நான்? சீ!

18-1-1978, புதன்

சொல்லிவிட்டேன். முறத்தில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். போன வருஷம் அவர்கள் வந்த அலைச்சலில்தானே நீ படுத்தாய், அதனால்தான் என்று நான் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

“அவங்க வந்தா படுத்தேன்? அதுக்கு முந்தின நாளு வெள்ளையடிக்க ஆளு விட்டீங்களே, அந்தச் சுண்ணாம்புலயே எனக்கு ஆரம்பிச்சுருச்சு. ஆளுங்க வர்ற நேரத்துல சொல்லக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். சாந்தா வந்தா என்னை அடுப்புக்கிட்ட விடுவான்னா நெனச்சீங்க? நாற்காலியக் காத்து வர்ற பக்கமாத் தூக்கிப் போட்டு, ‘அண்ணி, நீங்க ஒக்காந்து அதிகாரம் மட்டும் பண்ணுங்க’ன்னு விசிறியக் கையில குடுத்துருவா. வருசத்துல எனக்கு லீவுன்னா அந்த மூணு நாளுதாங்க.”

அந்த மூன்று நாளும் நானும் இதே வீட்டில்தான் இருந்தேன். இரைச்சலுக்குப் பயந்து முன்னறையில் பேப்பரோடு இருந்தேன். நாற்காலி எங்கே கிடந்தது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அமிர்தலிங்கம் கேட்ட கேள்வியையும் என் மௌனத்தையும் கடைசியில் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்ப, நான்தான் அவனை வேணாம்னேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கானா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்னை ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல.”

அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. “நாளைக்கே போங்க” என்றாள்.

19-1-1978, வியாழன்

குன்னம். இம்முறை உட்காரும் முன்பே, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். எது முன், எது பின் என்று பார்க்கவில்லை.

அமிர்தலிங்கம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். “பானையெல்லாம் வாங்கி வச்சாச்சு மாமா. அந்தா, மூலையில கெடக்கு. அதப் பாக்குறப்பல்லாம் அக்காவ ஏசுனேன். பாவம் அது. ஒங்களயில்ல ஏசியிருக்கணும்!”

சாந்தா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “அதான் அண்ணன் எதுக்கவே நிக்கிறாருல்ல. ஆசை தீர இப்ப ஏசிக்கங்க.”

அவன் உடனே சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தான். “தை முடியறதுக்குள்ள என்னைக்கு வச்சாலும் பொங்கல்தான். ஒரு வெள்ளிக்கெழம வரோம்னு அக்காகிட்டச் சொல்லுங்க” என்றான். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

3-2-1978, தை வெள்ளி

வந்தார்கள். பஸ் கூரையிலிருந்து கரும்புக்கட்டு இறங்கியதைத் தெருவே பார்த்தது. ஜெகதாம்பாள் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டே காட்டினாள்.

கொல்லையில் கல் கூட்டி விறகு அடுப்பு. இந்தத் தடவை நான் முன்னறைக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காற்று திரும்பும்போதெல்லாம் சாந்தா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, நாற்காலியை ஜெகதாம்பாளோடு சேர்த்தே நகர்த்தினாள். ஒரு தடவை, சாந்தா வருவதற்குள் நான் நகர்த்திவிட்டேன்.

“பரவால்லயே, அண்ணன் வேல கத்துக்கிட்டாரு!”

பானை பொங்கியபோது முதல் குரல் ஜெகதாம்பாளுடையதுதான். பாதியில் மூச்சு நின்றது. மிச்சத்தைப் பிள்ளைகள் கத்தி முடித்தார்கள். மாலையில் லேசான இழுப்பு, ஒரு மாத்திரையில் அடங்கியது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

14-11-1978, செவ்வாய்

சனிக்கிழமை ஜெகதாம்பாள் போய்விட்டாள். விடாத மழை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள், வண்டியிலேயே, என் தோளில். அமிர்தலிங்கம் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்தினான்.

எழுத முடியவில்லை.

13-1-1979, சனி. போகி

தெருவில் புகை. எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினேன். ஈரத்துணியைத் தேடும்போதுதான் நினைவு வந்தது. யாருக்காக?

14-1-1979, ஞாயிறு

வருஷம் திரும்பாத வீடு, பொங்கல் கிடையாது. வெள்ளையடிக்கவில்லை. எதையும் கொளுத்தவில்லை. விறகு இல்லை, வேலை இல்லை, வந்து போவோர் இல்லை. போன வருஷம் நான் போட்ட திட்டம் இந்த வருஷம் ஒரு குறையில்லாமல் நடக்கிறது.

மதியம் வாசலில் செருப்புச் சத்தம். அமிர்தலிங்கம். கையைத் தொங்கவிட்டபடி நின்றான். “சீரு கொண்டாரக் கூடாதாம் மாமா. வெறுங்கையா வந்து பாத்தாத் தப்பில்லன்னு சாந்தாதான் அனுப்புச்சு.”

உட்காரச் சொன்னேன். அவளுடைய நாற்காலி காலியாக இருந்தும் அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். காபி போடலாமென்று ஸ்டவ்வைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. “கொல்லையில நாலு சுள்ளி கெடக்கும், எடுத்தாரேன்” என்று அவனே எழுந்து போனான். விறகு அடுப்பை மூட்டினோம். சுள்ளி ஈரம், புகை சுருண்டு கூடத்துக்கு வந்தது.

நான் எழுந்து போய், அந்த நாற்காலியைத் தூக்கிக் காற்று வரும் பக்கமாக நகர்த்தி வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அமிர்தலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. இம்முறை அவன் எழுந்தான்.