செனிதாவின் இடப்பக்கம்

மேசா, அரிசோனா
4 மார்ச் 2019

அன்புள்ள செனிதா,

நலமா? இங்கே ஒரே வெயில். எலுமிச்சை மரம் உண்டு, நீச்சல்குளம் உண்டு, மனம்விட்டுப் பேச ஆளில்லை. தெருவில் பாதிப்பேர் நம் ஐயோவாவிலிருந்து ஓய்வு பெற்று வந்த கிழங்கள்தான். முட்டிவலியைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

பன்றியிறைச்சி ஆலையில் பத்தொன்பது வருடம் உன் இடப்பக்கம் நின்று வெட்டியவள் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். என் இடத்தில் இப்போது யார்? அடுத்த வருடம் நீயும் ஓய்வு பெற்று இங்கே வருவதாகப் பேச்சு. பக்கத்து வீடு காலியாகிறது, உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
வெர்னா

வாட்டர்லூ, ஐயோவா
15 மார்ச்

அன்புள்ள வெர்னா,

இங்கே இன்னும் பனி விழுகிறது. உன் இடத்தில் ஃபுராஹா நிற்கிறாள். காங்கோவிலிருந்து வந்தவள், நல்ல பெண், வாய்தான் நீளம். "செனிதாம்மா, இந்தக் கத்திக்கு உங்க வயசு இருக்குமே!" என்றாள், முதல் நாளே.

நம் வரிசையில் உள்ளூர்க்காரர் என்று யாருமே இல்லை. எல்லாம் பர்மாவும் காங்கோவும். போஸ்னியாவிலிருந்து வந்த நாங்கள்தான் இப்போது பழைய ஆட்களாம், சிரிப்பாக இருக்கிறது. உன் வீட்டை வாங்கிய பர்மாக் குடும்பம் ரோஜாப் பாத்தியில் மிளகாய் போடப் போகிறது. ஃபுராஹாவுக்கு நம் முழங்கைச் சைகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

அன்புடன்
செனிதா

மேசா
22 மார்ச்

செனிதா,

நல்ல பெண்ணாமே! எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். ரோஜாவைப் பிடுங்கட்டும், வீட்டைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள். முழங்கையை நான் யாருக்கும் விற்கவில்லையே!

காதை அடைத்துக்கொண்டு அந்த இரைச்சலில் நிற்கும்போது, கை மரத்துப்போனால் முழங்கையால் இரண்டு இடி. நகரும் பட்டையில் வரும் என் துண்டையும் சேர்த்து நீ வெட்டுவாய், உன் துண்டையும் சேர்த்து நான் வெட்டுவேன். மேற்பார்வையாளன் ஒருவனுக்கும் தெரியாது. அது நம் இருவருடையது. நேற்று வந்தவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

"ஏம்மா, அப்பா வேற கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இப்படிப் பொருமுற?" என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ வரும் தேதியை மட்டும் எழுது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

வெர்னா

வாட்டர்லூ
1 ஏப்ரல்

அன்புள்ள வெர்னா,

தேதி இல்லை. நான் வரவில்லை. ஒரு ஊரை விட்டு ஓடி வந்தவள் நான், இன்னொரு முறை என்னால் முடியாது. என் பிள்ளைகள் இங்கே, என் கணவரைப் புதைத்த மண்ணும் இங்கே. முன்பே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அவளைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். போன மாதம் என் விரல்கள் கத்தியோடு இறுகிக்கொண்டன, பிரிக்க வரவில்லை. பழக்கத்தில் இடப்பக்கம் இடித்தேன், இரண்டு முறை. நீ அரிசோனாவில் இருந்தாய். அந்தப் பெண் காதடைப்பைப் பிடுங்கிவிட்டு, "என்னம்மா, தள்ளி நிக்கணுமா?" என்று கத்துகிறாள். துண்டுகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அன்று சாயங்காலம்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நீ போய்விட்டாய் வெர்னா. நான் வேறு யாரை இடிப்பது?

செனிதா

மேசா
9 மே

அன்புள்ள செனிதா,

பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். நன்றாக அழுதேன். பொறாமை தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அது தீர்வதாக இல்லை. உன் கை அதுவரை பொறுக்காது.

அந்தப் பெண்ணிடம் சொல், நீ இடிக்கும்வரை அவள் காத்திருக்கக் கூடாது. நீ வீம்புக்காரி, கடைசிவரை தாங்கிக்கொண்டு பிறகுதான் இடிப்பாய். கை மரக்கத் தொடங்கியதும் கீழுதட்டைக் கடிப்பாய், அது உனக்கே தெரியாது. பாதி நாள் நீ இடிப்பதற்கு முன்பே உன் துண்டை நான் எடுத்தேனே, எப்படி என்று ஒரு நாளாவது கேட்டாயா? உன் கையை அல்ல, உதட்டைப் பார்க்கச் சொல் அவளை.

ருபார்ப் தண்டு வைத்து நான் சுடும் பை பலகாரத்தின் பக்குவத்தை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதே.

என்றும் உன் இடப்பக்கத்து
வெர்னா