கொழுப்புக் குளிசை

2007 கார்த்திகை, வியாழன்

இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க டொக்டர் தந்த குளிசையை அப்பா நிறுத்தி ஒரு கிழமையாம். இன்றுதான் அம்மா கண்டுபிடித்தார். போன வருடம்தான் அப்பாவுக்கு நெஞ்சடைப்பு வந்தது.

"அதைப் போட்டால் காலெல்லாம் நோகுது. சென்ரியில சோதனைக்குப் பஸ்ஸால இறங்கி நொண்டி நடந்தால், என்ன காயம் எண்டு ஆமிக்காரன் மறிச்சு வைச்சுக் கேக்கிறான்," என்றார் அப்பா.

"உங்கட கொழுப்புக்கு எந்தக் குளிசையும் காணாது," என்றார் அம்மா. அப்பாவே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் நோவது அவருக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குள் அடைப்பது தெரிவதில்லை. நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வந்து, அளவைக் குறைக்கலாமா, வேறு குளிசை இருக்கிறதா என்று டொக்டரிடம் கேட்கிறேன் என்றேன்.

"நீ அங்க வாய் திறப்பியோ, பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அப்ப இண்டைக்குப் போடுறன். நாளைக்கு நீதான் கதைக்க வேணும்."

போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். டொக்டரிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை; கேட்க வேண்டியதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைக்கிறேன்.