அப்பாவும் நானும் லேடாங் மலை ஏறிய மூன்று நாள்

சாகில்,
சுபானு வருடம் சித்திரை 22 (1943)

அன்பு மகள் தனலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே சுங்கைப் பட்டாணியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நாலு மாதம் என்று நீ எழுதிய கடிதம் மாசியில் வந்தது, இப்போது ஆறு நடக்கும். மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே, முருங்கைக்கீரையோ சர்க்கரைவள்ளி இலையோ ஏதாவது பச்சையாய் ஒன்று தினமும் சேர்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு வைத்துவிட்டு மிச்சத்தை நீ தின்னாதே, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெட்கப்படாமல் அவரிடம் கேள், நான் சொன்னேன் என்று சொல்.

நம் கோப்பிக் கடை மூடியே கிடக்கிறது. சீனி இல்லை, கோப்பித்தூள் இல்லை, குடிக்க வருகிறவர்களும் இல்லை. சண்டைக்கு முன்னால் ஆகஸ்டு லீவிலும் கிறிஸ்மஸ் லீவிலும் துரைமார்களும் சிங்கப்பூர் வாத்தியார்களும் மலை ஏற வந்து நம் கடை வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, உனக்குத்தான் தெரியுமே. அப்பா அவர்களுடைய சாமான்களைச் சுமந்துகொண்டு மேலே போவார், மூன்று நாள் கழித்து இறங்கி வருவார். பதிமூன்று வருடம் அவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேனே தவிர நான் ஒரு தடவைகூட மலையடி அருவிக்கு மேலே போனதில்லை. கேட்டால், அங்க என்னா இருக்கு, கல்லும் அட்டையுந்தான் என்று அப்பா சொல்லிவிடுவார். இந்த வருடம் நான் போய்விட்டு வந்தேன் தனம், உச்சி வரைக்கும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நீ பதற வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

பங்குனி கடைசி வாரம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சதாசிவம் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, வெள்ளிக்கிழம லாரி வருது, ஜப்பான்காரனுங்க சயாம் ரயிலு வேலைக்கு ஆள் ஏத்தப் போறானுங்க, லிஸ்டுல அண்ணன் பேரும் இருக்கு என்று சொல்லிவிட்டு இறங்காமலே போய்விட்டார். சயாமுக்குப் போன ஆட்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும். நான் நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மலாய்க்காரர் பாக் டோலாவிடம் வழி கேட்டதற்கு அவர், மலைக்குப் போய்விடுங்கள், இப்போது சாயங்காலம் தவறாமல் இடியும் மழையும், அட்டை வேறு, இந்த மாதத்தில் உங்களைத் தேடி ஒருத்தனும் ஏற மாட்டான் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒளிஞ்சா உன்னைத்தான் புடிச்சி அடிப்பானுங்க என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய், அப்படின்னா நானும் வாரேன், வீட்டுல ஆளே இல்லன்னா யார அடிப்பாங்க என்று கேட்டேன். மலை ஏற உனக்கு ஏலாது புள்ள என்றார். ஏலலன்னா பாதியில உக்காந்துக்கிறேன், நீங்க கிளம்புங்க என்றேன். பாக் டோலா கொஞ்சம் கருவாடும் ஒரு பாராங் கத்தியும் கொடுத்து, யாராவது கேட்டால் மூவாரில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன், ஜாங்கான் தாக்கூட், பயப்படாதே தங்கச்சி என்று அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டோம். அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டோம், அப்படியும் ஏறிற்று. அருவி தாண்டியதும் பாதை செங்குத்தாகப் போகிறது, மரத்து வேர்தான் படிக்கட்டு. அப்பா முன்னால் போய்க்கொண்டே, குச்சிய ஊனிட்டு அப்புறம் கால வையி, மேல பாக்காத, அடுத்த வேர மட்டும் பாரு என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுசன் அங்கே நிறுத்தாமல் பேசுகிறார். இந்தப் பாறையில் ஒரு துரைசாணி உட்கார்ந்து அழுதாள், இந்த இடத்தில் ஒரு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை. மத்தியானம் ஒரு பாறை இடுக்கில் நிறுத்தி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நனைந்த விறகில் டாமார் பிசினை வைத்து அடுப்பு மூட்டிக் கிழங்கு வேகவைத்து, கருவாட்டைச் சுட்டு, இலையில் வைத்து என் முன்னால் நீட்டினார். இருபத்தேழு வருடத்தில் அவர் ஒரு சுடுதண்ணி வைத்து நான் பார்த்ததில்லை. எங்க கத்துக்கிட்டீங்க என்று கேட்டால், துரைங்களுக்கு யாரு ஆக்கிப் போட்டான்னு நெனச்ச என்று சிரிக்கிறார். எனக்குக் கோபம் வருவதா சிரிப்பு வருவதா என்று தெரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் கரண்டியைத் தொடவில்லை தனம். மழை வந்தால் பாறைக்கடியில் ஒடுங்கிக்கொள்வது, விட்டதும் நடப்பது, அவ்வளவுதான் வேலை. மேலே போகப் போக மரமெல்லாம் குட்டையாகிப் பாசி மூடிக் கிடக்கிறது, மூடி போட்ட சின்னச் சின்னக் குடங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு செடி, அதற்குள்ளே தண்ணீர் நிற்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் குரங்குப் பானை என்று சொல்வார்களாம். நீ பார்த்தால் ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை காலையில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மொட்டைப் பாறைக்கு வந்தோம். மஞ்சு விலகிற்று. ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விட்டிருந்தது, கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே செம்பு நிறம், அதற்கப்பால் கோடு மாதிரி கடல். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்போது அப்பா என் தோளைத் தொட்டு ரோட்டைக் காட்டினார். இரண்டு லாரி, நெல்லு அளவுக்கு, தோட்டத்துப் பக்கமிருந்து வந்து சிகாமட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. சத்தம்கூட மேலே வரவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் எறங்கிப் போறேன் புள்ள, எனக்குப் பதிலா எவன ஏத்தினானுங்களோ என்று கிளம்பிவிட்டார். அவர் கண்ணைப் பார்த்ததும் இது வெறும் பேச்சு இல்லை என்று தெரிந்துகொண்டேன். நான் அழவில்லை, கையையும் பிடிக்கவில்லை. போங்க, நானும் வந்து அதே லாரியில ஏறிக்கிறேன், அங்க உங்களுக்கு ஆக்கிப் போட ஆளு வேணுமில்ல என்றேன். அவர் நின்றார். அப்புறம் பாறையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். லாரி கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே எழுந்து, இவ்வளவு தூரம் வந்துட்ட, உச்சியப் பாக்காம போவாத என்று என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை இறங்கினோம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பதினோரு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். கிராணி சொன்னார், லிஸ்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்து நின்றவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார். போனவர்களில் செல்லப்பனும் ஒருவன், நம் கடைக்கு விறகு போடுவானே, அவன்தான். அவன் பெண்சாதி காளியம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு லயத்தில் தனியாக இருக்கப் பயந்தாள், போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடை அறையில் இருக்கிறார்கள். சின்னவள் உன் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு திரிகிறாள், நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். செல்லப்பன் திரும்பி வருகிற வரைக்கும் அவர்கள் இங்கேதான்.

அப்பாவுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. பெட்ரோல் இல்லாததால் லாரியெல்லாம் இப்போது கரியில் ஓடுகிறதல்லவா, பாக் டோலா ஊர்த்தலைவர் பெங்குலுவிடம் சொல்லி மலையடியில் கரி சுடும் ஆள் என்று முத்திரை போட்ட சூராட் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இருந்தால் தொடமாட்டார்களாம். வாரத்தில் நாலு நாள் அங்கேதான் வேலை. மேல் முழுக்கக் கரி, பல் மட்டும் வெள்ளை, ஆனால் நன்றாகத் தூங்குகிறார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ரயிலில் வேலை செய்யும் அய்யாவு கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் மறக்காமல் அடுப்பில் போட்டுவிடு, மாப்பிள்ளையிடம் வாயால் சொன்னால் போதும். பிரசவத்துக்கு வர ரயில் பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் ஆடியில் அங்கே இருப்பேன், கிடைக்காவிட்டாலும் தைரியத்தை விடாதே, பக்கத்து வீட்டு அம்மாளிடம் இப்போதே சொல்லி வைத்துக்கொள். குழந்தையும் நீயும் தீர்க்காயுசாக இருக்க அப்பாவும் நானும் மனசாரக் கும்பிடுகிறோம். இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அப்பா வாசலில் நிற்கிறார். கரி மூட்டத்துக்குத் தனியாகப் போக அவருக்குச் சலிப்பாக இருக்கிறதாம், நீயும் வாயேன் புள்ள என்று மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டுவிட்டார். இப்படி அவர் என்னை ஓரிடத்துக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. காக்க வைக்க மனசு வரவில்லை, போய்விட்டு வருகிறேன்.

உன் அம்மா,
வீ. வெள்ளையம்மா